கடைச் சிறுவன் கற்ற பாடம்

சென்ற பருவத்தின் இறுதியில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் துறைக்கு வந்து என் மேசையருகே நின்றான். உறவினர் ஒருவரின் கைப்பேசிக் கடையில் வேலை கிடைத்திருப்பதாகவும், உடனே சேர வேண்டியிருப்பதால் படிப்பை நிறுத்திவிடப் போவதாகவும் கூறினான். "ஐயா, பட்டம் வாங்கிவிட்டும் இதே கடைக்குத்தானே போகப்போகிறேன். அதற்கு ஏன் இன்னும் ஓராண்டைச் செலவழிக்க வேண்டும்?" என்று கேட்டான். அவன் வீட்டு நிலையை நான் அறிவேன். அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். எந்தச் சொல்லும் எனக்கே நிறைவளிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வா என்று அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததன் விரிவே இக்கட்டுரை.

அவன் கேள்விக்கு விடை தேடியபோது, கடையில் தொடங்கி உலகறிந்த தொழில்நிறுவனம் ஒன்றை எழுப்பிய ஒருவரின் வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது. அவர் பெயரை நம்மில் பலர் அறியோம். ஆனால் அவர் தொழிற்சாலையின் பொருளை அறியாத வீடு நம் ஊர்களில் மிகக் குறைவு. எண்பதுகளில் சபுராளியாகச் சென்று திரும்பிய மாமாக்களும் சித்தப்பாக்களும் கொண்டுவந்த பெட்டிகளுள் தவறாமல் ஒரு 'நேஷனல் பானசோனிக்' டேப்ரெக்கார்டர் இருக்கும். நாகூர் ஹனிபாவின் கணீரென்ற குரலை எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒலிக்கச் செய்தது அத்தகைய பெட்டிதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஜப்பான் நாட்டுக் கோனோசுகே மட்சுஷிடா. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர்.

வாணிகமும் அறமும்

அவர் வரலாற்றுக்குள் புகுமுன் தமிழ் மாணவர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வாணிகம் செய்வாரைப் பற்றித் திருவள்ளுவர் பேசும் குறள், பொருளீட்டும் வழி கூறும் பொருட்பாலில் இல்லை. அது அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதையே வாணிகருக்குரிய வாணிகமாக அவர் காட்டுகிறார். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகார் நகர வணிகரைப் புகழும்போதும் அவர்தம் செல்வத்தோடு நிறுத்தவில்லை. கொள்வதிலும் கொடுப்பதிலும் கோடாத அவர்தம் நெஞ்சையும் புகழ்கிறார்.

எனவே, தொழில்தலைவர் ஒருவரை எடைபோட நம்மிடம் பழைய அளவுகோல் உண்டு. எவ்வளவு ஈட்டினார் என்பதோடு, ஈட்டும்போது எவ்வாறு நடந்தார் என்பதையும் கேட்பதே அவ்வளவுகோல். அந்நடத்தையை அவர் எங்கே, யாரிடம் கற்றார் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

ஐந்து சென் நாணயம்

மட்சுஷிடா 1894-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், வாகாயாமா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எட்டு மக்களுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். நிலபுலம் உடைய குடும்பம். ஆனால் தந்தை அரிசி ஊக வாணிகத்தில் இறங்கி, நிலத்தையும் வீட்டையும் இழந்தார். நகருக்குக் குடிபெயர்ந்து தொடங்கிய மரச்செருப்புக் கடையும் நிலைக்கவில்லை. உடன்பிறந்தோர் சிலரை நோய் கொண்டுசென்றது. உழைக்காமல் விலையின் ஏற்ற இறக்கத்தை நம்பிய வாணிகம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதைச் சிறுவன் தன் வீட்டிலேயே கண்டான். அவன் கற்ற முதற்பாடம் அதுவே எனலாம்.

1904-ஆம் ஆண்டின் இறுதியில், ஒன்பது வயதில், தாய் புகைவண்டி நிலையம்வரை வந்து வழியனுப்ப, அவன் தனியே ஒசாகா நகருக்குப் பயணமானான். கணப்புச் சட்டி விற்கும் கடை ஒன்றில் எடுபிடி வேலை. பகலில் சட்டிகளைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும்; முதலாளியின் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் தாயை எண்ணி அழுவான். அரைமாதம் கழிந்ததும் ஐந்து சென் நாணயம் ஒன்று கூலியாகக் கையில் விழுந்தது. அவ்வளவு பணத்தை அவன் அதுவரை தனக்கென்று தொட்டதில்லை. அன்றோடு அழுகை நின்றது என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார்.

இதைப் பணத்தாசை என்று கொள்ளுதல் பிழையாகும். தன் உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை அச்சிறுவன் உணர்ந்த நாள் அது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோர்க்குக் கூலி கொடுத்த அவர், கூலி என்பது பெறுபவன் நெஞ்சில் என்ன செய்யும் என்பதை அந்த நாணயத்திலிருந்தே அறிந்திருந்தார்.

சைக்கிள் கடைப் பள்ளி

மூன்றே மாதங்களில் கணப்புச் சட்டிக் கடை மூடப்பட்டது. 1905-இல் சைக்கிள் கடை ஒன்றில் சேர்ந்து, அங்கே ஐந்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். அக்காலத்தில் சைக்கிள் அயல்நாட்டிலிருந்து வரும் விலையுயர்ந்த பொருள். அக்கடையே அவருக்குப் பள்ளியாயிற்று. அங்கு நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நம் கருத்துக்குரியன.

கடைக்கு வருவோர் சிகரெட் வாங்கிவரச் சிறுவனை ஏவுவார்கள். ஒவ்வொரு முறையும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வரவேண்டும். அவன் ஒரு வழி கண்டான். மொத்தமாக இருபது பெட்டி வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு பெட்டி இலவசமாகக் கிடைக்கும்; ஓட்டமும் மிச்சம். வாடிக்கையாளர் காத்திருக்கவும் வேண்டாம். அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடுதான். ஆனால் உடன் வேலைசெய்த பையன்கள் முகம் சுளித்தனர். முதலாளி அதை நிறுத்தச் சொன்னார். எவரையும் ஏமாற்றாத ஆதாயமே ஆயினும், அருகிலிருப்பவனுக்குப் பங்கில்லாத ஆதாயம் நெடுநாள் நில்லாது என்பதைப் பத்துப் பன்னிரண்டு வயதில் அவன் அறிந்துகொண்டான்.

இரண்டாவது நிகழ்ச்சி அவனுடைய பதின்மூன்றாம் வயதில் நேர்ந்தது. கொசுவலை வணிகர் ஒருவர் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். பெரியவர்கள் எவரும் கடையில் இல்லாமையால் சிறுவனே கொண்டுசென்றான். அவன் ஆர்வத்தோடு விளக்கியதைக் கண்டு மகிழ்ந்த வணிகர், நூற்றுக்குப் பத்துத் தள்ளிக்கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சிறுவன் மகிழ்ச்சியோடு ஓடிவந்து முதலாளியிடம் சொன்னான். "முதற்பேச்சிலேயே பத்தா? ஐந்துக்குமேல் தள்ள முடியாது என்று போய்ச் சொல்" என்ற கருத்தில் முதலாளி மறுத்துவிட்டார். சிறுவன் அழுதான். 'நீ நம் கடைப் பையனா, அவர் கடைப் பையனா?' என்று முதலாளி கேட்கும்படி ஆயிற்று. செய்தி வணிகர் காதுக்கு எட்டியது. அவர் நெகிழ்ந்து, ஐந்துக்கே வாங்கிக்கொண்டதோடு, இப்பையன் இக்கடையில் இருக்கும்வரை வேறெங்கும் வாங்கமாட்டேன் என்றும் சொல்லியனுப்பினார்.

வாங்குபவருக்காகவும் விற்பவருக்காகவும் ஒருசேர மனம் வருந்திய சிறுவனை இங்கே காண்கிறோம். நடுவுநிலைமை என்று ஏட்டில் நாம் படிப்பது அவனிடம் கண்ணீராக வெளிப்பட்டது. விலையைக் குறைத்ததால் அவ்வணிகர் வாடிக்கையாளர் ஆகவில்லை. பையன் மீது வைத்த நம்பிக்கையால் ஆனார்.

தந்தை மறுத்த வேலை

இக்காலத்தில்தான் நம் மாணவனின் கேள்விக்கு நேராக வந்து நிற்கும் நிகழ்ச்சியும் நடந்தது. ஒசாகாவில் அலுவலகம் ஒன்றில் ஏவலாள் வேலை இருப்பதாகவும், பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் பள்ளி செல்லலாம் என்றும் அறிந்து, மகனை அதில் சேர்க்கத் தாய் விரும்பினார். மகனுக்கும் ஆசைதான். தந்தை மட்டும் மறுத்தார். வாணிகத்தைக் கற்று முன்னேறினால், படித்தவர்களை நீயே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. சில காலத்துக்குள், 1906-இல், அத்தந்தை மறைந்தார்.

வாணிகத்தில் எல்லாவற்றையும் இழந்த ஒருவர் மகனை வாணிகத்திலேயே நிற்கச் சொன்னது வியப்பளிக்கிறது. அவர் சொன்னபடியே நடந்தது என்பதும் உண்மை. ஆயினும் இதைக் கேட்டுப் படிப்பு வேண்டா என்று முடிவு கட்டுவோர் அவசரப்படுகிறார்கள். பின்னாளில் மட்சுஷிடா தம் கல்விக் குறைவை மறைக்கவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டார். தொழிற்சாலை வளர்ந்தபோது பணியாளர் பயிற்சிக்கெனப் பள்ளி தொடங்கினார். 1946-இல் ஆய்வு நிலையம் ஒன்றையும், 1979-இல் நாட்டுத் தலைவர்களை உருவாக்கும் பயிற்சிக் கூடம் ஒன்றையும் நிறுவினார். அக்கூடத்தின் முதல் அணியில் பயின்ற யோஷிஹிகோ நோடா 2011-இல் ஜப்பானின் பிரதமரானார். பள்ளி கிடைக்காதவர் பள்ளிகள் கட்டினார் என்பதை நாம் மறத்தல் கூடாது.

ஒரு பொய்த் தந்தி

ஒசாகாத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத்தொடங்கியதைக் கண்ட இளைஞர், இனி வரப்போவது மின்சாரத்தின் காலம் என்று உணர்ந்தார். ஆனால், மகன்போல் வளர்த்த முதலாளியின் முகத்தைப் பார்த்து, விடைபெறுகிறேன் என்று சொல்ல நா எழவில்லை. தாய்க்கு நோய் என்று தமக்கே ஒரு தந்தி வரச்செய்து கடையை விட்டு வெளியேறினார். பின்னர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். 1910-ஆம் ஆண்டில் நடந்தது இது.

பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய செய்திகளை விட்டுவிடுவது வழக்கம். மட்சுஷிடா தாமே இதனைச் சொல்லிவிட்டமையால் நாம் விடவேண்டியதில்லை. நேர்மை என்பது பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதன்று. தவறியபோது தவறினேன் என்று எழுதிக் கொடுப்பதும் அதைக் கற்கும் வழியே.

எண்ணிய வேலை உடனே கிடைக்கவில்லை. சிமெண்டுத் தொழிற்சாலையில் மூன்று மாதம் மூட்டை சுமந்தார். பிறகு ஒசாகா மின்விளக்கு நிறுவனத்தில் கம்பி பொருத்தும் பயிற்சியாளராகச் சேர்ந்தார். உடல்நலம் குன்றியவர், நுரையீரல் நோயும் தொற்றியது. எனினும் இருபத்திரண்டாம் வயதிலேயே மேற்பார்வையாளர் ஆனார். பகலில் சில மணி நேர வேலை. மீதி நேரம் ஓய்வு. பலர் கனவு காணும் பதவி. அவருக்கோ அந்த ஓய்வே பொறுக்கவில்லை. தாம் திருத்தி அமைத்த மின்விளக்கு ஹோல்டரை மேலதிகாரியிடம் காட்டினார். அது பயன்படாது என்று ஒதுக்கப்பட்டது. 1917-இல் வேலையை விட்டார்.

அடகுக் கடைச் சீட்டு

கையில் இருந்தது ஏறத்தாழ நூறு யென். நண்பரிடம் கடனாகப் பெற்றது மேலும் நூறு யென். சிறிய வாடகை வீட்டின் ஒரு பகுதியே தொழிற்கூடம். மனைவி முமெனோ, மனைவியின் தம்பியான தோஷியோ இயூ, பழைய அலுவலக நண்பர் இருவர் ஆகியோரே பணியாளர். ஹோல்டருக்கு வேண்டிய மின்கடத்தாக் கலவையைச் செய்யும் முறைகூட அவர்களுக்குத் தெரியாது, கேட்டுத்தான் கற்றார்கள். முடிவில் பத்து நாள் அலைந்து விற்றவை நூறு அளவிலான ஹோல்டர்களே. கிடைத்த பணம் பத்து யென்னை எட்டவில்லை. நண்பர் இருவரும் பிழைப்புத் தேடிப் பிரிந்தனர். முமெனோ தம் ஆடைகளையும் மோதிரத்தையும் அடகுக் கடைக்கு எடுத்துச் சென்றார். ஒருமுறையன்று, பலமுறை. தொழில்தலைவர் என்று ஒருவரையே நாம் பாராட்டும்போது, அடகுச் சீட்டில் இருக்கும் பெயரையும் படித்துப் பார்க்கவேண்டும்.

ஆண்டின் இறுதியில் எதிர்பாராத இடத்திலிருந்து வாய்ப்பு வந்தது. மின்விசிறிக்கு வேண்டிய மின்கடத்தாத் தட்டுகள் ஆயிரம் வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டது. அவர்கள் தட்டுச் செய்பவர்கள் அல்லர். ஆனால் தோற்றுப்போன ஹோல்டர் முயற்சியில் அந்தக் கலவையைச் செய்யக் கற்றிருந்தார்கள். இரவுபகலாக உழைத்துக் குறித்த நாளில் கொடுத்தனர். அதில் கிடைத்த ஆதாயமே 1918-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் தொடங்கப்பெற்ற நிறுவனத்துக்கு வித்தாயிற்று. அன்று அதில் இருந்தவர் மூவர்: கணவர், மனைவி, மைத்துனர். அந்த மைத்துனரே பின்னாளில், 1947-இல், சான்யோ நிறுவனத்தைத் தொடங்கியவர்.

எரியவிட்ட விளக்கு

1923-இல் அவர் சைக்கிளுக்கான பாட்டரி விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதுவரை இருந்த பாட்டரி விளக்குகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடும். மெழுகுவர்த்தி விளக்கைக் காற்று அணைத்துவிடும். இவருடைய விளக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஆனால் மொத்த வணிகர் எவரும் நம்பவில்லை. பாட்டரி விளக்கு என்றாலே ஏமாற்று என்னும் எண்ணம் பரவியிருந்தது.

அவர் வாதாடவில்லை. சில்லறைக் கடைதோறும் இரண்டு மூன்று விளக்குகளை விலையின்றிக் கொடுக்கச் செய்தார். அவற்றுள் ஒன்றைக் கடையிலேயே எரியவிட்டு, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று நீங்களே பாருங்கள். சொன்னபடி எரிந்து, மற்றவை விற்றால் பணம் கொடுங்கள் என்று சொல்லியனுப்பினார். விளக்கு தன் வழக்கைத் தானே வாதாடியது. கடைக்காரர்களே சரக்குக் கேட்டு எழுதத் தொடங்கினர். நம்பிக்கையை முதலில் வைக்கவேண்டியவர் விற்பவர் என்பதே இதன் உட்பொருள். பொருளில் குறையிருந்தால் இம்முறை அவரை ஒரே மாதத்தில் கவிழ்த்திருக்கும். நற்பொருள் செய்தவனே இவ்வாறு துணிய முடியும்.

ஒருவரையும் நீக்கற்க

1929-ஆம் ஆண்டு உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. ஜப்பானிலும் விற்பனை பாதியாகச் சரிந்தது. ஆண்டின் இறுதியில் மட்சுஷிடாவின் கிடங்குகளில் சரக்கு வைக்க இடமில்லை. அவரோ நோய்ப்படுக்கையில் இருந்தார். பொறுப்பாளர் இருவர் வந்து, தொழிலாளரில் பாதிப்பேரைக் குறைத்தாலன்றி நிறுவனம் பிழைக்காது என்றனர். அக்காலத்தில் எல்லா நிறுவனங்களும் செய்துவந்தது அதைத்தான்.

அவர் தந்த விடையை நான்கு கூறாகச் சொல்லலாம். உற்பத்தியை உடனே பாதியாக்குக. ஒருவரையும் நீக்கற்க. தொழிற்கூடம் அரைநாள் இயங்கினும் முழுக்கூலி கொடுக்க. எஞ்சிய நேரத்தில், விடுமுறையும் பாராது, அனைவரும் தேங்கிய சரக்கை விற்க முயல்க. இச்செய்தியைக் கேட்ட தொழிலாளர் ஆரவாரம் செய்தனர். சரக்கு மூட்டையோடு தெருவில் இறங்கினர். இரண்டே மாதங்களில் கிடங்கு காலியாயிற்று. தொழிற்கூடம் மீண்டும் முழுநாள் இயங்கியது.

இதை வெறும் இரக்கம் என்றல் பொருந்தாது. பாதிப்பேரை நீக்கினால் தேங்கிய சரக்கு அப்படியே தேங்கிக் கிடக்கும். எஞ்சிய பாதிப்பேர் அடுத்த முறை தம் தலைக்கு என்று அஞ்சிக் கிடப்பர். நீக்காமையால் விற்பதற்கு ஆள் கிடைத்தது. அஞ்சாமையால் அவர்களுக்கு ஊக்கமும் பிறந்தது. ஐந்து சென் நாணயம் கையில் விழுந்தபோது அழுகையை நிறுத்திய சிறுவனுக்கு, கூலி நின்றால் ஒரு வீட்டில் என்ன நிகழும் என்று எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1932-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பணியாளரைக் கூட்டித் தம் நோக்கத்தை அறிவித்தார். தெருக்குழாயில் வழிப்போக்கன் நீர் குடித்தால் எவரும் அவனைக் கள்வன் என்பதில்லை. நீர் விலைமதிப்புடையதேயாயினும் நிறைந்து கிடைக்கிறது. அதுபோல வீட்டுக்கு வேண்டிய பொருள்களைப் பெருக்கி, விலை குறைத்து, வறியவர்க்கும் எட்டச் செய்வதே தொழில் செய்வோன் கடமை என்றார். அதற்கு அவர் வகுத்த கால அளவு 250 ஆண்டுகள். தம் வாழ்நாளில் முடியாத பணியைத் தொழிலாளர் முன் வைத்த தலைவர் அவர்.

விதைத்ததும் அறுத்ததும்

போருக்குப்பின், 1946-இல், ஜப்பானை ஆண்ட நேசநாட்டுப் படையின் ஆணையால் தொழில்தலைவர் பலர் பதவியிழக்க நேர்ந்தது. மட்சுஷிடா பெயரும் பட்டியலில் இருந்தது. அப்போது புதிதாக எழுந்த தொழிற்சங்கங்கள் பல, தம் முதலாளிகள் வெளியேறவேண்டும் என்று கிளர்ந்தன. இவருடைய நிறுவனத்துத் தொழிற்சங்கமோ, இவரை நீக்கவேண்டா என்று ஏறத்தாழ 15,000 பேரின் கையெழுத்தோடு மனுக் கொடுத்தது. மறு ஆண்டு அவர் விடுவிக்கப்பட்டார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒருவரையும் நீக்காதவரை, நீக்கவேண்டா என்று அவர்கள் கேட்டனர். இதனினும் பெரிய சான்றிதழ் ஒரு தொழில்தலைவருக்கு உண்டோ?

1964-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இன்னொன்று. அவர் தலைமைப் பொறுப்பைப் பிறரிடம் விட்டு மூன்றாண்டு ஆகியிருந்தது. விற்பனை முகவர்கள் நட்டத்தில் மூழ்கினர். அத்தாமி என்னும் ஊரில் அவர்களைக் கூட்டி மூன்று நாள் பேசவிட்டார். வந்திருந்த ஏறத்தாழ 170 பேருள் இலாபம் கண்டவர் இருபது பேர் அளவே. முதலிரண்டு நாளும் குற்றச்சாட்டும் மறுப்புமாகக் கழிந்தன. முகவரின் திறமைக்குறைவே காரணம் என்று அவரும் வாதிட்டார். மூன்றாம் நாள் எழுந்து, குற்றம் எங்களுடையதே என்று ஒப்புக்கொண்டார். தொடக்க நாளில் எங்கள் விளக்கை நம்பி வாங்கியவர்கள் நீங்கள், அதை மறந்தோம் என்று சொல்லும்போதே கண்ணீர் பெருகியது, கேட்டோரும் கலங்கினர். பின்னர் அறுபத்தொன்பது வயதில் விற்பனைப் பிரிவின் பொறுப்பைத் தாமே ஏற்றுக் குறைகளைத் திருத்தினார். கொசுவலை வணிகருக்காக அழுத சிறுவன் அவருள் மறையவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

மறுபக்கம்

ஆய்வு நோக்குடையோர் மறுபக்கத்தையும் கூறவேண்டும். போர்க்காலத்தில் அவர் நிறுவனம் இராணுவத்துக்காக மரக்கப்பல்களும் மரவிமானங்களும் கட்டியது. அதன் விளைவாகப் பெருங்கடன் சூழ்ந்தது. 1950-இல், எவரையும் நீக்காதவர் என்று பெயர்பெற்ற அவரே ஆட்குறைப்புச் செய்ய நேர்ந்தது. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தம் 94-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2008-இல் நிறுவனம் அவர் குடும்பப் பெயரைக் களைந்து பானசோனிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2025 மே மாதத்தில் சுமார் 10,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது.

அப்படியாயின் அவர் பாடம் பொய்த்ததா? நான் அவ்வாறு கருதவில்லை. அறம் என்பது கட்டடத்தோடும் பெயர்ப்பலகையோடும் மரபுரிமையாகக் கைமாறும் சொத்து அன்று. ஒவ்வொரு தலைமுறையும், ஒவ்வொரு நெருக்கடியிலும், அதைப் புதிதாகக் கற்றாக வேண்டும். கடையில் கற்றவர் போய்விட்டால், கற்றதும் போய்விடலாம். ஆகவேதான் கற்றதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

என் தந்தையின் தராசு

இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல இசைவு வேண்டுகிறேன். என் அத்தா ஐந்தாம் வகுப்போடு நின்று மளிகைக் கடையில் சேர்ந்தவர்; பின்னர் சொந்தமாகச் சிறுகடை வைத்தவர். ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் நான் தராசு பிடித்தேன். ஒரு மூதாட்டிக்குக் கால் கிலோ பருப்பு நிறுத்துக் கொடுத்தேன். கடையடைக்கும் வேளையில், இருநூறு கிராம் படிக்கல்லோடு சேர்த்து வைத்திருக்கவேண்டிய ஐம்பது கிராம் படிக்கல் சாக்கின் மடிப்பில் கிடந்ததைக் கண்டேன். சிரித்துக்கொண்டே அத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐம்பது கிராம் பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டி, டார்ச் விளக்கையும் கையில் கொடுத்தார். "அந்தம்மா காசு கொடுத்தது கால் கிலோவுக்கு. போய்க் கொடுத்துட்டு வா" என்றார். இருட்டில் மூன்று தெரு நடந்தேன்.

கடையை எனக்கு விட்டுச்செல்ல அவர் விரும்பவில்லை. மட்சுஷிடாவின் தந்தை சொன்னதற்கு நேர்மாறாக, "கடையில படிச்சதை எனக்கு எழுதத் தெரியாது. நீ எழுதப் படி" என்றார். இரண்டு தந்தையரும் தத்தம் மகனுக்கு நல்லதையே நாடினர். இவருள் யார் சொன்னது சரி என்று நெடுநாள் எண்ணியிருக்கிறேன். இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று இப்போது தோன்றுகிறது: எங்கே நின்றாலும் கற்பதை நிறுத்தாதே.

மாணவனுக்கு

இரண்டு நாள் கழித்து வந்த மாணவனிடம் மட்சுஷிடாவின் கதையைச் சுருக்கமாகக் கூறினேன். நான்காம் வகுப்பு என்றதும் அவன் முகம் மலர்ந்தது. தன் பக்கத்துக்குச் சான்று கிடைத்ததாக எண்ணினான் போலும். முழுவதையும் கேட்டபின் மூன்று செய்திகளைச் சொன்னேன்.

முதலாவது, கடை இழிந்த இடமன்று; கற்கும் எண்ணத்தோடு போகிறவனுக்கு அதுவும் கல்லூரியே. இரண்டாவது, மட்சுஷிடா பள்ளியை விட்டது அவர் தேர்ந்த வழியன்று; வறுமை தேர்ந்த வழி. இரவுப்பள்ளி கிடைக்கும் என்றதும் ஆசைப்பட்டவர் அவர். உன் பட்டத்துக்கு இன்னும் ஓராண்டே உள்ளது. மாலையில் மட்டும் வேலைக்கு வருவதாகக் கேட்டுப் பார்க்கவும் உனக்கு வழி இருக்கிறது. அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. மூன்றாவது, எந்த முடிவை எடுத்தாலும் கடையில் நாள்தோறும் இரவில் உன்னையே கேட்டுக்கொள்: இன்று வாங்கிச் சென்றவர் மீண்டும் வருவாரா? என்னோடு நின்றவனுக்கு என் ஆதாயத்தில் பங்குண்டா? தவறு செய்திருந்தால் அதைச் சொல்ல எனக்குத் துணிவுண்டா? விளக்கு வணிகரையும் சிகரெட் வாங்கிய சிறுவனையும் பொய்த் தந்தி அடித்த இளைஞனையும் நினைவில் வைத்தால் இக்கேள்விகள் மறவா.

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கடைக்காரரிடம் மாலை நேரம் மட்டும் வரலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன் ஐயா" என்று கூறிச் சென்றான். உறவினர் இசைவாரோ, வீட்டு நிலை இடம் தருமோ, அறியேன். இம்மலர் அச்சேறும் நாளில் அவன் வகுப்பில் இருக்கலாம், கடையில் நிற்கலாம். கடையில்தான் நிற்கிறான் என்றால், நீங்கள் அங்கே கைப்பேசி வாங்கச் செல்லும்போது ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தள்ளிக் கேட்டு அவனை அழவைத்துவிடாதீர்கள். அவன் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.